ஈஸ்டர் அலங்காரத்துக்குப் பழைய பொருட்கள்: த்ரிஃப்ட் கடையில் எதை வாங்கலாம், எதைத் தொடாமல் வரணும்?

பீங்கான் முயல், பால் நிறக் கண்ணாடியில் செய்த கோழி, நூறு வருஷத்துக்கு முந்தைய வாழ்த்து அட்டை, துரு ஏறிய சாக்லேட் அச்சு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஈஸ்டர் நெருங்கினாலே இந்தப் பழசுகளுக்கு கிராக்கி கூடிவிடும். சூப்பர் மார்க்கெட்டில் கொட்டிக் கிடக்கும் புது பிளாஸ்டிக் முட்டைகளை விட்டுவிட்டு, யாரோ ஒரு பாட்டி வீட்டு அலமாரியில் இருந்து வந்த பொருளைத் தேடிப் போகிறவர்கள் அங்கே ஏராளம்.

செலவு குறைவு, குப்பையும் குறைவு, பார்க்கவும் அழகு. ஆனால் இதில் இரண்டு சிக்கல் இருக்கு. ஒன்று, போன வருஷம் தொழிற்சாலையில் செய்ததை 'ஆன்டிக்' என்று சொல்லித் தலையில் கட்டிவிடுவார்கள். இன்னொன்று அதைவிடப் பெரியது: பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இது விளையாட்டு விஷயம் இல்லை.

த்ரிஃப்ட் கடை என்றால் என்ன?

மக்கள் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போகும் பொருட்களைக் குறைந்த விலைக்கு விற்கும் கடைதான் த்ரிஃப்ட் ஸ்டோர். அமெரிக்காவில் இதற்குப் பேர்போன பெயர் 'குட்வில்'. எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர் 1902-ல் பாஸ்டன் நகரில் தொடங்கியது. பழைய துணியையும் சாமானையும் வாங்கி, ஏழைகளுக்கு வேலை கொடுத்துப் பழுது பார்த்து விற்றார்கள். பிரிட்டனில் இதையே 'சாரிட்டி ஷாப்' என்பார்கள். ஆக்ஸ்ஃபாம் கடைகள் அந்த வகை.

இது தவிர, பிரிட்டனில் 'கார் பூட் சேல்' உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மைதானத்தில் காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்து வைத்து வீட்டுச் சாமான்களை விற்பார்கள். அமெரிக்காவில் 'எஸ்டேட் சேல்'. வீட்டுப் பெரியவர் இறந்த பிறகோ, முதியோர் இல்லத்துக்குப் போன பிறகோ, அந்த வீட்டில் இருப்பதை அப்படியே விலை போட்டு விற்பது. நல்ல ஈஸ்டர் சாமான் பெரும்பாலும் இங்கேதான் மாட்டும். பரணில் இருந்து பெட்டியோடு இறங்கும் இல்லையா, அதனால்.

எப்போது போகணும் என்பதும் முக்கியம். ஈஸ்டர் தேதி வருஷா வருஷம் மாறும். மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில் எந்த ஞாயிறாகவும் வரலாம். 2026-ல் ஏப்ரல் 5, 2027-ல் மார்ச் 28. பண்டிகைக்கு முந்தின மாதம் போனால் கடைக்காரரே ஈஸ்டர் சாமானைத் தனியாக அடுக்கி, விலையையும் ஏற்றி வைத்திருப்பார். ஜூலையில் போனால் அதே கோழிக் கிண்ணம் சமையல் பாத்திர வரிசையில் யாரும் சீண்டாமல் இருக்கும்.

முயலுக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்?

ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் தவக்காலத்தில் ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் ஒரு காலத்தில் இறைச்சியோடு முட்டையையும் ஒதுக்கினார்கள். கோழிக்கு இது தெரியுமா? அது பாட்டுக்கு முட்டை போட்டுக்கொண்டே இருந்தது. சேர்ந்த முட்டை எல்லாம் ஈஸ்டர் அன்று விருந்தாச்சு, சாயம் பூசிய பரிசாச்சு.

முயல் வந்தது ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளில் இருந்து. முட்டையை ஒளித்து வைக்கும் ஈஸ்டர் முயல் பற்றி 1682-லேயே ஒரு ஜெர்மானிய மருத்துவர் எழுதிவிட்டார். 18-ம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் இந்தக் கதையையும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். இன்று கடைகளில் கிடைக்கும் பழைய பொருட்களில் 'ஜெர்மனி' முத்திரை இவ்வளவு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காகிதக்கூழ் முயல்: சேகரிப்பாளர்கள் விடாத பொருள்

ஜெர்மனியின் துரிங்கியா பகுதி, குறிப்பாக சோனபெர்க் ஊர், பொம்மைத் தொழிலுக்குப் பெயர் போனது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இருந்து அங்கே காகிதக்கூழில் முயல் பொம்மைகள் செய்து கப்பல் ஏற்றினார்கள். முயலின் தலையைக் கழற்றினால் உள்ளே மிட்டாய் போட இடம் இருக்கும். சிலதுக்குக் கண்ணாடிக் கண், சிலதுக்கு முதுகில் ஒரு கூடை.

குழந்தை மிட்டாயைத் தின்றுவிட்டு முயலைத் தரையில் போட்டு உருட்டியிருக்கும். காது உடையும், மழையில் நனைந்தால் கூழ் ஊறிவிடும். அப்படியும் தப்பிப் பிழைத்தது கொஞ்சம்தான். அதனால்தான் விலை அதிகம், அதனால்தான் போலியும் அதிகம்.

போலியைக் கையில் எடுத்தாலே பாதி தெரிந்துவிடும். காகிதக்கூழ் பொம்மை எடையே இருக்காது, தொட்டால் சில்லென்று இருக்காது. 'விண்டேஜ் ஸ்டைல்' என்று செய்யப்படும் புதுசுகளில் நிறைய ரெசினில் வார்த்தவை. கனமாக, குளிர்ச்சியாக இருக்கும். அழுக்கையும் பாருங்க. உண்மையான பழசில் கை படும் இடத்தில் பெயின்ட் தேய்ந்திருக்கும், மடிப்பில் தூசு தங்கியிருக்கும். போலியில் எல்லா மடிப்பிலும் ஒரே அளவு பழுப்புச் சாயம் பூசியிருப்பார்கள். நூறு வருஷ அழுக்கு அவ்வளவு ஒழுங்காகப் படியாது.

அடியைத் திருப்பிப் பாருங்க

பொருளின் வயதைச் சொல்வது பெரும்பாலும் அதன் அடியில் உள்ள எழுத்துதான். அமெரிக்காவில் 1890-ல் வந்த மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று குறிக்கணும் என்றது. 1891 மார்ச்சில் இருந்து அது நடைமுறை. ஆக 'ஜெர்மனி' என்று ஆங்கிலத்தில் முத்திரை இருந்தால், பொதுவாக அது அதற்குப் பிந்தையது.

'வெஸ்ட் ஜெர்மனி' என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்ட காலம். 'மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்' என்று இருந்தால் இன்னும் சுலபம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நேச நாடுகள் ஜப்பானை ஆண்ட காலத்துப் பொருள், அந்த ஆட்சி முடிந்தது 1952-ல். சின்னச் சின்ன பீங்கான் முயல், வாத்து, கோழிக்குஞ்சு எல்லாம் இந்த முத்திரையோடு வரும்.

முத்திரையே இல்லையா? அதற்காகப் போலி என்று தூக்கிப் போட வேண்டாம். காகித லேபிள் ஒட்டி வந்தது உரிந்து போயிருக்கும். அதே சமயம், அடியில் வட்டமாகப் பசைத் தடம் மட்டும் புதுசாகப் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படலாம். ஸ்டிக்கரை நேற்றுதான் யாரோ பிய்த்திருக்கிறார்கள்.

பஞ்சு அடைத்த முயல் என்றால் காதைப் பாருங்க. ஜெர்மனியின் ஸ்டைஃப் நிறுவனம் 1904-ல் இருந்து தன் பொம்மைகளின் காதில் ஓர் உலோக பட்டனைப் பதிக்கிறது. பட்டன் இருந்தால் விலை வேற லெவல். கடைக்காரருக்கும் அது தெரிந்திருக்கும்!

கூட்டில் உட்கார்ந்த கோழி

முதன்முறை வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு பொருள்தான் சொல்லணும் என்றால் அது இந்தக் கண்ணாடிக் கோழிதான். கீழே கூடை மாதிரி கிண்ணம், மேலே மூடியாக ஒரு கோழி. சுலபமாகக் கிடைக்கும், சீக்கிரம் உடையாது, நிறம் வெளுக்காது. ஈஸ்டர் முடிந்தாலும் மேசையில் மிட்டாய்க் கிண்ணமாக இருந்துவிட்டுப் போகும்.

பென்சில்வேனியாவின் வெஸ்ட்மோர்லேண்ட் கண்ணாடி நிறுவனம் பால் வெள்ளைக் கண்ணாடிக்குப் பேர் போனது. ஆரம்ப காலத்தில் இந்த மாதிரி ஜாடிகளில் கடுகு விழுது அடைத்து விற்றார்கள். கடுகு தீர்ந்ததும் ஜாடி வீட்டம்மா அலமாரிக்குப் போகும். நம்ம ஊரில் ஹார்லிக்ஸ் பாட்டில் போன மாதிரி. அந்த நிறுவனம் 1984-ல் மூடப்பட்டது. அதன் அச்சுகள் வேறு ஆட்கள் கைக்குப் போனதால், அதே கோழி பிற்காலத்திலும் வார்க்கப்பட்டது. வடிவத்தை மட்டும் பார்த்து வயதைச் சொல்ல முடியாது.

மேற்கு வர்ஜீனியாவின் ஃபென்டன் நிறுவனக் கோழிகளில் இந்தக் குழப்பம் கொஞ்சம் குறைவு. 1970-களில் இருந்து முட்டை வடிவக் கோட்டுக்குள் தன் பெயரைக் கண்ணாடியிலேயே பதித்தது. அதற்குக் கீழே 8 என்ற எண் இருந்தால் 1980-கள், 9 என்றால் 1990-கள். கடையில் நின்றபடி பூதக்கண்ணாடியோ போன் கேமராவோ வைத்துப் பார்த்தால் போதும்.

கண்ணாடிப் பிரிவில் இன்னொரு வேடிக்கை உண்டு. கையில் ஒரு சின்ன அல்ட்ரா வயலட் டார்ச் வைத்துக்கொண்டு திரிபவர்களைப் பார்க்கலாம். வெளிச்சம் பட்டதும் பச்சையாக ஜொலித்தால் அது யுரேனியம் கலந்த கண்ணாடி. ஆமாம், அதே யுரேனியம்தான். கலந்திருப்பது கொஞ்சம்தான், அலமாரியில் அழகுக்கு வைப்பதில் பயம் இல்லை. அதில் சாப்பிடுவது, குடிப்பது வேண்டாம்.

சாக்லேட் அச்சும் வாழ்த்து அட்டையும்

சுவரில் மாட்ட, ஜன்னல் ஓரம் வைக்க, பழைய உலோக சாக்லேட் அச்சுகளை நிறைய பேர் வாங்குகிறார்கள். இரண்டு பாதி முயலைச் சேர்த்து கிளிப் போட்டு, உள்ளே சாக்லேட் ஊற்றுவார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1870-ல் தொடங்கிய அன்டன் ரைஷே நிறுவனத்தின் அச்சுகளுக்கு மதிப்பு அதிகம். வெள்ளீயம் பூசிய தகடு, பற்ற வைத்த இடத்தில் ஈயமும் இருக்கலாம். எனவே இதில் திரும்பவும் சாக்லேட் ஊற்றும் ஆசையை விட்டுவிடணும்.

கம்மி பட்ஜெட் என்றால் வாழ்த்து அட்டைதான் பெஸ்ட். 1900-களின் ஆரம்பத்தில் ஜெர்மனியில் அச்சிட்டு அமெரிக்கா, பிரிட்டன் போன ஈஸ்டர் அட்டைகள் இன்னும் கட்டுக் கட்டாகக் கிடைக்கின்றன. முட்டை ஓட்டை வண்டியாக்கி முயல் இழுத்துப் போகிற மாதிரி எல்லாம் படம் இருக்கும். பின்பக்கம் நடுவில் கோடு போட்டு, ஒரு பாதி முகவரிக்கும் ஒரு பாதி செய்திக்கும் விட்டிருந்தால், பிரிட்டனில் 1902-க்கும், அமெரிக்காவில் 1907-க்கும் பிந்தையது. ஒரு நூலில் மரக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாலே சுவர் நிறைந்துவிடும். வெயில் படும் சுவர் வேண்டாம், சாயம் மங்கிவிடும்.

பிரிட்டன் கடைகளில் தவறவிடக் கூடாத ஒன்று முட்டைக் கப். அவித்த முட்டையை நிறுத்தி வைத்துச் சாப்பிடும் குட்டிக் கோப்பை. ஜோடி தவறிய ஒற்றைக் கப்புகளைக் கடைகள் சல்லிசாகத் தள்ளிவிடும். நிறம் நிறமாக எட்டுப் பத்து சேர்த்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஒரு ப்ரிம்ரோஸ் பூ வைத்தால் மேசை அலங்காரம் முடிந்தது. செட்டாக வாங்கியதைவிட இந்தக் கலவைதான் கண்ணுக்கு நல்லா இருக்கும்.

ஈயம்: இதைப் படிக்காமல் கடைக்குப் போக வேண்டாம்

வீட்டுப் பெயின்ட்டிலும் பொம்மைப் பெயின்ட்டிலும் ஈயத்துக்கு அமெரிக்கா தடை போட்டது 1978-ல்தான். அதற்கு முந்தைய எந்தப் பெயின்ட் அடித்த பொருளிலும் ஈயம் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே கையாள்வதுதான் பாதுகாப்பு. குழந்தைகளின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்கிறது அமெரிக்க நோய்த் தடுப்பு மையம். மூளை வளர்ச்சி, கவனம், படிப்பு என்று பாதிப்பு நீளும். வெளியே உடனே ஓர் அறிகுறியும் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை.

பிரச்சினை பெரும்பாலும் பெயின்ட் உதிரும்போது வருகிறது. குழந்தை பொம்மையை வாயில் வைக்கும், அல்லது உதிர்ந்த தூசு கையில் ஒட்டி வாய்க்குப் போகும். அதனால் பெயின்ட் உரியும் பொருளை வாங்காமல் விடுவது நல்லது. வாங்கிவிட்டால், சுரண்டவோ உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ கூடாது. ஈரத் துணியால் மெல்லத் துடைத்து, கையைக் கழுவிவிட்டு, குழந்தைக்கு எட்டாத உயரத்திலோ கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியிலோ வைக்கணும்.

கடைகளில் ஈயம் கண்டுபிடிக்கும் துடைப்பான் கிட் கிடைக்கிறதே, அது போதாதா? நிறம் மாறினால் எச்சரிக்கை, சரி. ஆனால் நிறம் மாறவில்லை என்றால் ஈயம் இல்லை என்று அர்த்தம் ஆகாது. அடியில் உள்ள பெயின்ட் அடுக்கை அது தொடாமல் போகலாம். உறுதியாகச் சொல்ல ஆய்வகச் சோதனைதான் வழி.

தட்டு, கோப்பைக்கும் இதே கதை. பழைய பீங்கான் மெருகிலும் பூ வேலைப்பாட்டிலும் ஈயம் இருக்கலாம், விரிசல் விழுந்திருந்தால் இன்னும் மோசம். புளிப்பு பட்டால் ஈயம் கரைந்து வரும். ஈஸ்டரில் நிறைய பேர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கு. முட்டைக்குச் சாயம் போட, மாத்திரையை வினிகரில் கரைப்பார்கள். போட்டோவுக்கு அழகாக இருக்கும் என்று அந்த வினிகரைப் பழைய டீ கப்பில் ஊற்றி, அந்தச் சாயத்தில் முக்கிய முட்டையைக் குழந்தைக்கே உரித்துக் கொடுப்பார்கள். சாதாரண புதுக் கண்ணாடி டம்ளர் போதும், அதில் செய்யலாம்.

அவித்து அலங்காரத்துக்கு வைத்த முட்டை ஃப்ரிட்ஜுக்கு வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் சாப்பிடக் கூடாது என்பது அமெரிக்க உணவுத் துறையின் விதி. காட்சிக்கு ஒரு கூடை, சாப்பிட ஒரு கூடை என்று பிரித்துவிடுவது நல்லது.

பூனை வளர்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய ஜாடியில் வெள்ளை ஈஸ்டர் லில்லி வைப்பது அங்கே வழக்கம். அந்தப் பூ, இலை, மகரந்தம் எதைத் தின்றாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழந்து உயிரே போகலாம். பூனை உள்ள வீட்டில் லில்லி வேண்டவே வேண்டாம்.

முட்டை மரம்: காசே இல்லாத அலங்காரம்

வாங்கிய சின்னச் சின்னப் பொருளை எல்லாம் எங்கே வைப்பது? ஜெர்மானியர்களிடம் பதில் இருக்கிறது. மரக்கிளையில் தொங்கவிடு. வசந்தத்தில் துளிர்க்கும் கிளைகளை ஒடித்து வந்து பழைய மண் ஜாடியில் நட்டு, உள்ளீடு நீக்கிய முட்டை ஓடுகளை நூலில் கட்டித் தொங்கவிடுவது அவர்கள் பழக்கம். ஸ்வீடனில் பிர்ச் மரக் குச்சிகளில் கலர் இறகுகளைக் கட்டுவார்கள்.

ஜெர்மனியின் சால்ஃபெல்ட் ஊரில் ஒரு குடும்பம் 1965-ல் தோட்டத்து ஆப்பிள் மரத்தில் 18 பிளாஸ்டிக் முட்டைகளைத் தொங்கவிட்டது. வருஷா வருஷம் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் எண்ணிக்கை சுமார் 10,000 ஆனது. பெரும்பாலும் வீட்டுச் சமையலில் ஊதி எடுத்த ஓடுகள்தான். அமெரிக்காவில் இந்தப் பழக்கத்தைப் பரப்பியதில் கேத்தரின் மில்ஹவுஸ் எழுதி ஓவியம் வரைந்த 'தி எக் ட்ரீ' என்ற சிறுவர் புத்தகத்துக்குப் பங்கு உண்டு. 1951-ல் கால்டிகாட் பதக்கம் வாங்கிய புத்தகம் அது.

மரத்தில் தொங்கவிட உக்ரைனின் 'பிசாங்கா' முட்டைகளும் சில சமயம் கடைக்கு வரும். மெழுகால் கோலம் போட்டு, சாயத்தில் மாற்றி மாற்றி முக்கி எடுக்கும் இந்தக் கலை 2024-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பழைய பிசாங்காவில் உள்ளே இருப்பதை எடுக்காமலே விட்டிருப்பார்கள், அது பல வருஷத்தில் தானாகக் காயும். காயாத ஒன்று வெடித்தால் வீடே நாறும். வாங்கும்போது அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்க. இல்லை என்றால் வெயில், அடுப்பு பக்கம் வைக்காதீங்க.

தமிழ்நாட்டில் கிடைக்குமா?

இங்கே ஈஸ்டர் என்றால் சனிக்கிழமை இரவுத் திருவிழிப்பு, மெழுகுவர்த்தி, ஞாயிறு பிரியாணி. முயல் அலங்காரம் பெரிய வழக்கம் இல்லை. ஆனால் பழைய பொருள் வேணும் என்றால் காரைக்குடி இருக்கு. நகரத்தார் வீடுகளில் இருந்து வந்த சாமான்களை விற்கும் கடைகளில், ஸ்வீடனில் இருந்து அந்தக் காலத்தில் இறக்குமதியான எனாமல் கிண்ணங்களும் தூக்குகளும் கிடைக்கும். வெளிர் பச்சை, நீலம், கிரீம் என்று ஈஸ்டர் நிறங்கள் எல்லாம் அதிலேயே இருக்கு. எனாமலுக்கும் ஈய எச்சரிக்கை பொருந்தும். முட்டையை ஓட்டோடு அடுக்கலாம், குழம்பு ஊற்ற வேண்டாம்.

எடுத்து வைக்கும்போது

பரணில் வெயில் காலத்தில் அடுப்பு மாதிரி சூடு இருக்கும். காகிதக்கூழ் பொம்மை அங்கே காய்ந்து வெடிக்கும். முயல், கோழிக்குஞ்சு வடிவ மெழுகுவர்த்திகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். கட்டிலுக்கு அடியிலோ, உள் அலமாரியின் கீழ்த் தட்டிலோ வைக்கலாம்.

செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டும், வெள்ளை டிஷ்யூ தாள் நல்லது. மூடியோடு வரும் கண்ணாடிக் கோழியை மூடி வைக்காமல், நடுவில் ஒரு தாள் கொடுத்து வைத்தால் விளிம்பு சில்லு பெயராது. அடியில் ஒட்டியிருக்கும் பழைய விலைச் சீட்டு, கடைப் பெயர் போட்ட லேபிள் எதையும் சுத்தம் செய்கிறேன் என்று உரித்துவிடாதீங்க. பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கு அடுத்து வாங்குகிறவருக்குக் கிடைக்கும் சாட்சி அது ஒன்றுதான். சீட்டு இருந்தால் விலையும் கொஞ்சம் கூடும்.